வெளியே வந்த முதல் வாரம்

ஜெயிலில் எல்லோரும் அவனை லிஃப்ட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே வந்த அன்று வரிசையில் நின்ற ஒருவன், "வெளியில என்ன வேலை?" என்று கேட்டான். "லிஃப்ட் மெக்கானிக்" என்றான் இவன். "அப்ப எங்க எல்லாரையும் கொஞ்சம் மேல தூக்கிவிடுப்பா" என்று அவன் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று.

அவன் போதைக்குள் போன கதையில் பெரிய வில்லன் யாரும் இல்லை. ஒரு மழை நாளில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தபோது கால் வழுக்கி, அடியில் இருக்கும் குழிக்குள் விழுந்தான். முதுகெலும்பில் விரிசல். கம்பெனி சில வாரம் சம்பளம் கொடுத்தது, பிறகு கை கழுவிவிட்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் வலி மட்டுமா போனது? இனி ஏணி ஏற முடியுமா என்ற பயம், பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம், எல்லாம் சேர்ந்து போனது. முதுகு தேறிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, கடைசியில் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்தான்.

மனைவி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். பேச்சு குறைவு. அவன் பொய் சொல்லும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள். பலமுறை நம்பினாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் கட்டணக் கழிப்பறையிலிருந்து ஒருமுறை அவனைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். அதன் பிறகு நம்புவதை நிறுத்திவிட்டாள்.

அவனை ஜெயிலுக்கு அனுப்பியது ஒரு செம்புக் கம்பி. அவ்வப்போது பராமரிப்பு பார்த்து வந்த ஒரு பழைய அடுக்குமாடியில், லிஃப்ட்டின் மோட்டார் அறையிலிருந்து கேபிளையும் சில பாகங்களையும் கழற்றி விற்றான். மறுநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. உள்ளே மாட்டிக்கொண்டவர் ஓய்வு பெற்ற டீச்சர், சிறுநீரக சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர். குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் இவன்தான். இவனுக்கே போன் போட்டார்கள். வந்தான். கதவை நெம்பித் திறந்தான். அரை நாள் இருட்டில் கிடந்த அந்த அம்மாள் வியர்வையில் தொப்பலாக வெளியே வந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பா" என்றார்.

மறுநாள் அடுக்குமாடியின் காவல்காரர், திருட்டு நடந்த அன்று இவன் கனத்த பையோடு இறங்கிப் போனதைச் சொல்ல, போலீஸ் வந்தது. ஜெயிலில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டினார்கள். எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. அந்த "நல்லா இருப்பா" மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

உள்ளே முதல் சில நாட்கள் நரகம். போதை கிடைக்காத உடம்பு தன்னைத் தானே முறுக்கிப் பிழிந்தது. வாந்தி, பேதி, எலும்புக்குள் எறும்பு ஊர்வது போன்ற குடைச்சல். தரையில் புரண்டான். வார்டர் எட்டிப் பார்த்து, "ஆட்டம் காட்டறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனைத் துடைத்து, துணி மாற்றி, தண்ணீர் புகட்டியது அதே அறையில் இருந்த ஒருவன். வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"சாகணும்போல இருக்குண்ணே" என்றான் லிஃப்ட்டு.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனா இந்தக் கட்டத்துல எவனும் சாகறதில்ல. சாகறதெல்லாம் அப்புறம்" என்றான் ரேடியோ. ஆறுதலுக்குச் சொன்னானா, தகவலுக்குச் சொன்னானா என்று லிஃப்ட்டுக்குப் புரியவில்லை.

அந்த ஜெயிலில் அப்போதுதான் போதை சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். இரண்டே அறை. வாரத்தில் சில நாள் மட்டும் வரும் டாக்டர். மற்றபடி எல்லாமே ஒரு நர்ஸம்மாதான். கனத்த உடம்பு, கனத்த குரல், கையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச். தினமும் காலையில் பெஞ்சில் உட்காரவைத்து போதை ஏக்கத்தை அடக்கி உடம்பைத் தாங்கிப்பிடிக்கும் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பார். அது கரையும்வரை கை முட்டிமேல் இருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. கரைந்ததும் டார்ச் அடித்து, "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. கன்னத்துல என்ன?" என்று பார்ப்பார். ஒளித்து எடுத்துப்போய் விற்பவர்கள் உண்டே. அந்தச் சில நிமிஷம் மட்டும் ரேடியோவுக்குக் கரண்ட் கட் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இரண்டாவது நாளே லிஃப்ட்டுக்கு வித்தியாசம் தெரிந்தது. போதை இல்லை. மிதப்பு இல்லை. ஆனால் உடம்பு அவனைப் படுத்துவதை விட்டுவிட்டது. நெடுநாளைக்குப் பிறகு சாப்பாட்டுக்கு ருசி தெரிந்தது. குழுவாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் அந்த டீச்சரைப் பற்றி முதன்முதலாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தை நடத்த வெளியிலிருந்து வாரம் ஒருமுறை பெயிண்டர் வருவார். அவரும் ஒரு காலத்தில் ஊசியோடு திரிந்து ஜெயிலுக்கு வந்தவர். இப்போது பாதி நாள் சுவருக்கு வெள்ளையடிப்பது, மீதி நாள் ஊருக்குள் இருக்கும் சிகிச்சை மையத்துக்கு உழைப்பது. விடுதலையாகி வருகிறவர்களை ஜெயில் வாசலிலேயே பிடித்து மையத்துக்குக் கூட்டிப்போவதுதான் அவர் வேலை. அவர் அலுக்காமல் சொல்வது ஒன்றே ஒன்று.

"வெளிய போன முதல் வாரத்துலதான் எமன் உட்கார்ந்திருக்கான். உங்க மனசு பழைய அளவைத்தான் கேக்கும். உடம்பு அந்த அளவை மறந்துபோயிருக்கும். பழைய அளவைப் போட்டா மூச்சு நின்னுடும். அவ்வளவுதான் விஷயம். நாக்குக்கடியில வைக்கிற மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

ரேடியோ ஜாமீனில் போனான். போகும்போது அவனுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுத்தனுப்பவில்லை. வெளியே மருந்து கொடுத்தனுப்ப விதி இல்லை என்றார்கள். "ஊருக்குப் போனதும் உனக்கு போன் போடறேன்டா" என்று, ஜெயிலில் போன் இல்லாத லிஃப்ட்டிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அந்த வாரக் கடைசியில் புதிதாக உள்ளே வந்த ஒருவன் செய்தி கொண்டுவந்தான். ரயில் பாதை ஓரத்தில் கிடந்தானாம். கையில் ஊசி அப்படியே குத்தியபடி இருந்ததாம்.

மறுநாள் நர்ஸம்மா டார்ச் அடித்தபோது லிஃப்ட்டு வாயைத் திறக்கவில்லை. "திறப்பா" என்றார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு அவரும் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "உன்னை அப்படி அனுப்ப மாட்டேன். யார் கால்ல விழுந்தாவது கையில மருந்தும் சீட்டும் கொடுத்துத்தான் அனுப்புவேன்" என்றார்.

சொன்னபடியே சூப்பிரண்டைப் பிடித்து அனுமதி வாங்கினார். லிஃப்ட்டுக்கு விடுதலை வரும்போது கொடுப்பதற்குச் சில நாள் மாத்திரையை ஒரு கவரில் போட்டு அலமாரியில் பூட்டியும் வைத்தார். வழக்கு அடுத்த மாதம் முடியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நீதிபதி காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, இதுவரை உள்ளே இருந்ததே தண்டனைக்குப் போதும் என்று விட்டுவிட்டார். ஜெயிலுக்குத் திரும்பித் துணிமணி வாங்கும்போது சாயங்காலம். அன்று நர்ஸம்மா லீவு. சிகிச்சை அறை பூட்டியிருந்தது. சாவி அவரிடம்தான். அடுத்து தொடர்ச்சியாக விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள்.

"சார், என் மருந்து ஒரு கவர்ல இருக்கு" என்றான் கேட்டில் இருந்தவரிடம்.

"விட்டுட்டாங்கன்னா போயிடணும். இல்ல, மருந்துக்காகச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கியா? ரூம் போட்டுத் தரவா?"

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். லிஃப்ட்டு ஒரு நொடி நிஜமாகவே யோசித்தான். அதற்குள் சின்னக் கதவைத் திறந்து வெளியே விட்டுவிட்டார்கள். வாசலில் பெயிண்டர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குத்தான் போனான். மனைவி கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்து, இடைவெளி வழியாகப் பார்த்தாள். அவளிடமிருந்து வழக்கமான வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த வாசனை வந்தது.

"தப்பிச்சு வந்தீங்களா?"

"விட்டுட்டாங்க."

"உள்ள வேண்டாங்க. என்னால முடியாது" என்றாள். பிறகு ஒரு போர்வையும் தலையணையும் எடுத்துக் கொடுத்தாள். மாடிப்படி திரும்பும் இடத்தில் படுத்துக்கொண்டான். எதிர்வீட்டார் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

சனிக்கிழமை பெரிய தொந்தரவு இல்லை. ஜெயிலில் கடைசியாகப் போட்ட மாத்திரை இன்னும் உடம்பில் இருந்தது. அவளுடைய போனை வாங்கிப் பெயிண்டரைக் கூப்பிட்டான். அவர் அண்ணன் சாவுக்கு வெளியூர் போயிருந்தார். "தம்பி, அந்த வாசப்படியை விட்டு அசையாத. நான் எப்படியாவது கிளம்பிடறேன். போனை உன் சம்சாரத்துக்கிட்ட குடு" என்றார். அவளிடம் நெடுநேரம் பேசினார். அவள் "ம்" மட்டும் சொன்னாள். வைத்த பிறகு அவனிடம், "போதையை விட ஒரு மருந்தா? எத்தனை கதை கேட்டிருக்கேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கதவைத் திறந்தபோது அவன் படியில் சுருண்டு கிடந்தான். உடம்பெல்லாம் குளிர் வியர்வை, மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் குனிந்ததும் அந்த இனிப்பு வாசனையிலேயே குமட்டி, கைப்பிடிச் சுவரோரம் வாந்தி எடுத்தான்.

"போட்டுட்டீங்களா?"

"போடலம்மா. போடாததால இப்படி. போட்டிருந்தா நல்லா இருப்பேன்."

நெடுநாள் கழித்து அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். போதையில் இருக்கும்போது அவன் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கும், அது அவளுக்கு மனப்பாடம். இப்போது அது கறுப்பாக விரிந்து கிடந்தது. அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டருக்குக் கண்ணில் தூக்கம். பொறுமையாகத்தான் கேட்டார். "அந்த மருந்தைக் கொடுக்க இங்க அனுமதி இல்லம்மா. மையத்துலதான் கொடுப்பாங்க."

"மையம் மூடியிருக்கு டாக்டர்."

"திறந்ததும் போங்க."

"அதுவரைக்கும்?"

"வாந்திக்கு ஒரு ஊசி போடறேன். குளுக்கோஸ் ஏத்தறேன். இதுல உயிருக்கு ஆபத்து இல்ல."

"இதுல இல்லதான். இதைத் தாங்க முடியாம வெளிய போய் எதையாவது போடுவாரே, அதுல இருக்கு." குரல் உயர்த்தியே பழக்கமில்லாத அவள் அன்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி பேசினாள். பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். ஜெயிலுக்கு போன் போட்டாள். "அவர் இப்ப எங்க கைதி இல்லம்மா" என்று வைத்துவிட்டார்கள். மருந்துக் கடைகளில் போய்க் கேட்டாள். சீட்டு இல்லாமல் முடியாது என்றார்கள். திரும்பிவந்து, பெரிய டாக்டருக்காக இன்னொரு வரிசையில் நின்றாள்.

அவன் கட்டிலில் கிடந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்காக அவள் முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சுவதைப் பார்க்கப் பார்க்க, எலும்புக் குடைச்சலை விட அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. ஒரே ஒருமுறை, கொஞ்சமாகப் போட்டால் இவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று தோன்றியது. அவனைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வான்: அப்போது அது நியாயமாகவே பட்டது என்று. கையில் குத்தியிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, கழிப்பறைப் பக்கம் போவதுபோல் போய், பின்வாசல் வழியாக இறங்கிவிட்டான். ஜெயிலில் துணிமணியோடு திருப்பிக் கொடுத்த கொஞ்சப் பணம் சட்டைப் பையில் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கட்டில் காலி. விரிப்பில் ரத்தச் சொட்டு. அங்கேயே நின்று பெயிண்டருக்கு போன் போட்டாள். அவர் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த பஸ்ஸில் இருந்தார்.

"வழக்கமா எங்க போவான்?"

"தெரியும். பஸ் டிப்போ பின்னால."

"நீங்க ஓடுங்க. நான் அங்கேயே இறங்கிடறேன். போனை மட்டும் வெச்சுடாதீங்க."

கட்டணக் கழிப்பறையில் ஒரு கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. வசூலுக்கு உட்கார்ந்திருந்தவர், "அவரு உள்ள போய் ரொம்ப நேரமாச்சும்மா" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து உதைத்துத் திறந்தார்கள். சுவருக்கும் பீங்கானுக்கும் இடுக்கில், வலது கை உடம்புக்கு அடியில் மடங்கி நசுங்க, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். உதடு நீலம்.

"மூச்சு இல்லண்ணா" என்றாள் போனில்.

"நல்லாக் கேளுங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. தலையைப் பின்னால சாய்ங்க. மூக்கைப் பிடிச்சுட்டு வாயில ஊதுங்க. நெஞ்சு மேல எழும்புதா பாருங்க."

ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவனைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாந்தி நாறிய அந்த வாயில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. தானாக எழும்பவில்லை. மறுபடி ஊதினாள். வாசலில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. "போயிட்டாம்மா, விடு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. போனில் பெயிண்டர், "நிறுத்தாதீங்க, வந்துட்டேன், நிறுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிவரும் மூச்சிரைப்பும் கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊதினாள்.

பெயிண்டர் வந்து, எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகும் தோள்பையிலிருந்து ஊசியை எடுத்து அவன் தொடையில் துணியோடு குத்தினார். அந்த மருந்து போதையை முறித்து மூச்சைத் திருப்பும். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று குத்தினார். நீரில் மூழ்கியவன் வெளியே வருவதுபோல ஒரு பெரிய இழுப்போடு மூச்சு வந்தது.

அவள் அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. வாயைப் புடவையால் துடைத்துத் துடைத்து உதடு சிவந்துபோயிருந்தது.

உயிர் வந்தது, வலது கை வரவில்லை. அவ்வளவு நேரம் உடம்பின் கனத்தில் நசுங்கியதில் சதை செத்துவிட்டது. கீறி விட்டு, தையல் போட்டு, கையை மட்டும் காப்பாற்றினார்கள். விரல்கள் மடங்கவில்லை. இனி ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது, அவன் தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை மையத்து டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து மருந்தைத் தொடங்கினார். அடுத்த நாள் நர்ஸம்மா வந்தார். சாதாரணச் சேலையில், டார்ச் இல்லாமல் வந்ததால் முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு நாள்தாம்பா லீவு போட்டேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் அதோடு விடவில்லை. மருந்துக் கவர்களை சிகிச்சை அறையில் பூட்டாமல் கேட்டிலேயே வைக்க வேண்டும், விடுதலை உத்தரவு வந்ததும் மையத்துக்கு போன் போக வேண்டும் என்று மேலிடம்வரை போய்ச் சண்டை போட்டார். உத்தரவும் வந்தது. சில நாள் அது நடக்கிறது. சில நாள், கவர் தீர்ந்துவிட்டது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறார்கள். அந்த வருஷமே இன்னும் இரண்டு பேர் வெளியே வந்த வாரத்தில் செத்துப்போனார்கள். ஒருவனுக்காகப் பெயிண்டர் வாசலில் சாயங்காலம்வரை காத்திருந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு இல்லை போல என்று திரும்பியிருந்தார்.

லிஃப்ட்டு இப்போது மையம் எடுத்துக் கொடுத்த ஒரு வாடகை அறையில், தன்னைப் போன்ற சிலரோடு இருக்கிறான். வேலைக்கு அலைந்தான். "எங்க இருந்தே இத்தனை நாள்?" என்ற கேள்விக்கு உண்மை சொன்ன இடமெல்லாம் கதவு மூடியது. பொய் சொன்ன இடத்தில் தையல் போட்ட கை அவனைக் காட்டிக்கொடுத்தது. கடைசியில் ஒரு கடைத்தெருவில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. நடுவில் ஒருமுறை மறுபடி போதையில் சறுக்கினான். மறுநாள் தானாகவே மையத்துக்குப் போய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் தலை குனிந்து சொன்னான். அவர்கள் திட்டவில்லை, மருந்தின் அளவைச் சரிசெய்து உட்காரவைத்தார்கள். மனைவிதான் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் வரவில்லை.

அவள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பெயிண்டர் ஒருமுறை சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். "அண்ணா, ஒவ்வொரு தடவை அவர் பாத்ரூம் போய்த் தாழ் போடும்போதும் நான் கதவுக்கு வெளிய நிக்கணும். அப்படி ஒரு பொழப்பு என்னால பொழைக்க முடியாது" என்றாள்.

ஆனாலும் வார லீவு நாளில் மையத்துக்கு வருகிறாள். மருந்து கரையும்வரை அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவள் ஜன்னலோரம் நிற்பாள். பிறகு எதிரில் இருக்கும் கடையில் டீ குடிப்பார்கள். போன வாரம் அவள், "ஷிப்ட் மாத்திட்டாங்க. அடுத்த வாரம் வர முடியுமான்னு தெரியல" என்றாள்.

"சரி."

"நீங்க வந்துருவீங்க இல்ல?"

"வந்துருவேன்."

அவள் இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். அவன் இடது கையால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, வெயிலில் கடைத்தெருவைப் பார்த்து நடந்தான்.